ஓநாய் மூக்கையா பெற்றோர் ஆன கதை

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் நட்ட பிறகும் காடு என்றே பெயர் வைத்திருந்த ஒரு காட்டில், செவலை என்ற வெள்ளாடு தன் மகள் கொழுந்துவோடு வாழ்ந்து வந்தாள். அங்கே எல்லா விலங்குகளின் கழுத்திலும் ஒரு செல்போன் தொங்கியது. எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது, எந்தச் சரிவில் புல் முளைத்திருக்கிறது, யார் யாரைத் தின்றுவிட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். செவலையின் கழுத்தில் மட்டும் பழைய மணி. "எனக்கு இதுவே சத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

கொழுந்து பிறந்த அன்றே அவளுக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்தவன் அவள் அப்பா காரி. கறுப்புக் கிடா. வாய் நிறையத் தழை இருந்தாலும் பேசுவதை நிறுத்த மாட்டான். மகளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தன் குரலில் பதிந்து அந்தக் கணக்கில் போட்டு வைத்தான். அரளியை மோந்துகூடப் பார்க்காதே. மழையில் நனைந்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்னாதே, ஊதிக்கொள்ளும். முட்டும்போது கண்ணை மூடாதே. இப்படி நிறைய. நடுநடுவே அசைபோடும் சத்தமும் கேட்கும்.

போன ஆடி மாதம் காரி மலையடிவார ஊருக்குப் புண்ணாக்கு தின்னப் போனான். ஊர்க்காரர்கள் அவனுக்கு மாலை போட்டார்கள். பொட்டு வைத்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் சும்மா நிற்கும்? காரி தலையைச் சிலுப்பினான். "சம்மதம் குடுத்திருச்சு!" என்று ஊரே குலவையிட்டது. அவ்வளவுதான். செல்போனும் அவனோடு போய்விட்டது.

அதன் பிறகு கொழுந்து தினமும் காலையில் பாறைமேல் படுத்து அப்பாவின் குரலைக் கேட்பாள். கேட்டு முடித்த பிறகுதான் மேயப் போவாள். செவலை பக்கத்தில் நின்று, கேட்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பாள்.

ஒரு நாள் கணக்கு திறக்கவில்லை. திரையில் இப்படி வந்தது:

"வணக்கம், கொழுந்து! உனக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை என்று அறிகிறோம். உன் பாதுகாப்புக்காக உன் கணக்கை மூடியிருக்கிறோம். அதைத் திறக்க உன் பெற்றோரின் சம்மதம் தேவை. உன் பெற்றோர் காரியின் செல்போனுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம். அமாவாசைக்குள் சம்மதம் வராவிட்டால் கணக்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். உன் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி."

கொழுந்து அன்று மேயப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. செவலை நல்ல வேலாங்கொப்பாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு வந்து மூக்குக்கு நேரே போட்டாள். குட்டி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"தின்னுடி. தழை உன்னை என்ன பண்ணுச்சு?"

"அப்பா சத்தம் அழிஞ்சு போயிடுமாம்மா?"

செவலை மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வன இணைய சேவை மையத்துக்கு நடந்தாள்.

அந்த மையம் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் வர்ணலிங்கம் என்ற பச்சோந்தி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரை மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கதையிலும் அப்படியே. அவருக்கு ஒரு கண் கணினியைப் பார்க்கும், இன்னொரு கண் வந்தவரைப் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவரைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

வரிசை நகர்ந்து நகர்ந்து செவலையின் முறை வந்தது.

"ஐயா, என் புள்ளையோட கணக்கு பூட்டிக்கிச்சு. பெற்றோர் சம்மதம் கேக்குது. நான் சம்மதிக்கிறேன்."

"நீங்க யாரும்மா?"

"பெத்தவ."

வர்ணலிங்கம் ஒரு கண்ணால் திரையைப் பார்த்தார். "பதிவுல பெற்றோர்னு இருக்கறது காரி. அவரு வரணும்."

"அவரு இல்லீங்க."

"எங்க போயிருக்காரு?"

செவலை குட்டியின் காது மறையும்படி நகர்ந்து நின்றுகொண்டாள். "கொழம்பாயிட்டாருங்க" என்றாள் மெதுவாக.

"அடடா" என்றார் வர்ணலிங்கம். அவர் நிறம் சற்று மங்கி, உடனே பழையபடி ஆனது. "அப்படின்னா அதுக்குச் சான்று வேணும். சாப்பிட்டவங்கள்ல யாராச்சும் ஒருத்தர், ஆமா சாப்பிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"அவங்களை நான் எங்கய்யா போய்க் கேப்பேன்? கேக்கப் போனா நானும் திரும்பி வருவேனா?"

"அதுவும் சரிதான். வேற வழி பாப்போம். பழைய பெற்றோரை எடுக்க முடியாது. ஆனா கூட இன்னொரு பெற்றோரைச் சேக்கலாம். விரலை வைங்க."

செவலை முன்காலைத் தூக்கி அந்தச் சின்னக் கண்ணாடிமேல் வைத்தாள். இயந்திரம் சிவப்பாக மின்னியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி சிவப்பு.

"குளம்பும்மா. இதுல ரேகை இல்ல. முகத்தைக் காட்டுங்க பாப்போம்."

செவலை கேமராவுக்கு முன்னால் முகத்தைக் காட்டினாள். இந்த முகம் இந்தக் காட்டில் உள்ள எல்லா வெள்ளாடுகளோடும் பொருந்துகிறது, இவற்றில் நீங்கள் யார் என்று இயந்திரம் கேட்டது.

"ஐயா, நான் சுமந்து பெத்த புள்ளைங்க இது. பனிக்குடம் ஒடைஞ்சு, பின்னங்காலு முன்னால வந்து, செத்துப் பொழைச்சேன். என்னைப் பாத்து யாருன்னு கேக்குதே இது!"

"நான் நம்பறேம்மா. நான் நம்பி என்ன பண்ண?" என்றார் வர்ணலிங்கம். "பெற்றோர்ங்கறது உறவு இல்ல. அது ஒரு கட்டம். ரேகை விழற யாராச்சும் ஒருத்தர் அதுல உக்காரணும். வயசு வந்தவங்களா இருக்கணும், சொந்தக் கணக்கு இருக்கணும். அவ்வளவுதான். யாரையாவது கூட்டிட்டு வாங்க."

செவலை வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். மானுக்கும் குளம்புதான். யானை உதவத் தயாராக இருந்தார், ஆனால் அவர் முகம் திரைக்குள் அடங்கவில்லை. காது அடங்கினால் துதிக்கை வெளியே போனது. குரங்குக்கு அழகான விரல்கள் இருந்தன. ஆனால் ஊரார் கணக்குகளையெல்லாம் திறந்து பார்த்ததற்காக அவன் கணக்கையே தடை செய்திருந்தார்கள்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் வேணா கைரேகை வைக்கட்டுமா, தங்கச்சி?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் நகர்ந்து வழிவிட்டார்கள். கேட்டவன் மூக்கையா. அந்தக் காட்டின் ஓநாய்க் கூட்டத்துக்குத் தலைவன். தலைவன் என்றால் பழைய காலம்போலப் பல்லைக் காட்டி வென்றவன் இல்லை. ஓநாய்களின் குரூப்புக்கு அவன்தான் அட்மின். வேட்டை எங்கே, எப்போது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அந்தக் குரூப்பில்தான் அறிவிப்பார்கள். அதனால் அட்மின் சொன்னதே சட்டம்.

மூக்கையா இந்த உதவிக்கு முன்வந்ததற்குக் காரணம் சுவரில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரம். வரிசையில் நிற்கும் அலுப்பில் அவன் அதைப் படித்திருந்தான். "பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இந்த நொடி எங்கே இருக்கிறது என்று உங்கள் செல்போனிலேயே பாருங்கள்!" என்று அதில் போட்டிருந்தது. படித்ததும் அவனுக்கு நாக்கில் நீர் ஊறியது. இத்தனை வருடம் மோப்பம் பிடித்தே மூக்கு தேய்ந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டான்.

"உன் பேரு என்னம்மா?" என்று குட்டியிடம் கேட்டான்.

"கொழுந்து."

"கொழுந்து!" என்றான் மூக்கையா. அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

செவலை மகளைத் தன் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "ஐயா, அவரு ஓநாய்ங்க!"

வர்ணலிங்கம் விதிகளைத் தேடினார். "ஓநாய் கூடாதுன்னு எங்கயும் போடலையேம்மா. சைவமா அசைவமான்னுகூட ஒரு கேள்வி இல்ல. ரேகை சுத்தமா விழுது. நான் எதைச் சொல்லி மறுக்க?"

"அம்மா" என்றாள் கொழுந்து. "நாளைக்கு அமாவாசைம்மா."

செவலை அசைபோடுவதை நிறுத்தினாள். ஆடுகள் ஆழமாக யோசிக்கும்போதுதான் அசைபோடுவதை நிறுத்தும். குட்டியின் விலா எலும்புகள் தெரிந்தன. இதற்கு மேல் பட்டினி கிடந்தால் ஓநாய் வராமலே போய்விடும். அப்படிப் பார்த்தால் ஓநாய் எந்த நாளில் துரத்தாமல் இருந்தது? கணக்கு இல்லாவிட்டாலும் துரத்தத்தான் போகிறது.

"சரி" என்றாள் செவலை. "எப்படியும் தொரத்தப் போறாரு. கணக்கோட தொரத்தட்டும்."

மூக்கையா பாதத்தைக் கண்ணாடிமேல் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் விதிமுறைகள் வந்தன. ஆற்று மணல்போல் போய்க்கொண்டே இருந்தன. மூக்கையா நாக்கால் திரையை நக்கி நக்கி அதைக் கீழே தள்ளினான். கடைசியில் ஒரு பொத்தான் இருந்தது. 'அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்.' அழுத்தினான்.

கொழுந்துவின் கழுத்தில் தொங்கிய செல்போன் உயிர்பெற்றது. அவள் உடனே ஒரு பதிவைத் தட்டினாள்.

"கொழுந்து," என்றது காரியின் குரல். ஒரு மெல்லும் சத்தம். "அம்மா கோவமா இருந்தா கிட்டப் போகாத. எட்டி நின்னு ஒரு தடவ ம்மேன்னு கூப்புடு. அப்புறம் பாரு, அவளே வருவா."

செவலை வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இந்த முறை அவள் கழுத்து மணி தானாக ஆடியது. குட்டி கவுண்டருக்குக் கீழே கிடந்த புளியந்தழையை மென்று தின்ன ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மூக்கையா பல்லைக் கிளுவை மரத்தில் தீட்டிவிட்டு செல்போனைத் திறந்தான். திரையில் காடு தெரிந்தது. அதில் ஒரு சின்னப் புள்ளி. புள்ளிக்கு மேலே 'உங்கள் பிள்ளை' என்று எழுதியிருந்தது. புள்ளி ஓடைப் பள்ளத்தில் நின்றது.

மூக்கையா காற்றுக்கு எதிராகப் போனான். புதருக்குப் பின்னால் பதுங்கினான். கொழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தாள். பின்னங்காலை ஊன்றிப் பாயப்போன நேரத்தில் அவன் கழுத்திலிருந்து காடே அதிரும்படி ஒரு சங்கு ஊதியது.

"கவனம்! உங்கள் பிள்ளைக்கு மிக அருகில் ஓர் ஓநாய் இருக்கிறது! உடனே விரைந்து செல்லவும்!"

கொழுந்து திரும்பிப் பார்த்து ஒரே தாவலில் மேட்டுக்கு ஏறிவிட்டாள். மேலே நின்று, "வந்ததுக்கு நன்றி, பெற்றோரே!" என்று கத்தினாள். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா என்று கூப்பிட மனம் வரவில்லை. திரையில் போட்டிருந்ததைச் சொன்னாள்.

சத்தத்தை அணைக்க வழி இருக்கிறதா என்று மூக்கையா தேடினான். பொறுப்புள்ள பெற்றோர் இதை அணைக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. அதனால் அடுத்த நாள் புள்ளி இருக்கும் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, செல்போனைக் குகையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனான். போய்ச் சேர்வதற்குள் குட்டி வேறு சரிவுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்கச் செய்திகள். உங்கள் பிள்ளை ஒரு பதிவைக் கேட்க அனுமதி கோருகிறது. உங்கள் பிள்ளை காத்திருக்கிறது. உங்கள் பிள்ளை இன்னும் காத்திருக்கிறது. கடைசியாக ஒன்று சிவப்பு எழுத்தில்: "நீங்கள் பதிலளிக்கவில்லை. அலட்சியமான பெற்றோர் என்று உங்கள் கணக்கில் குறிக்கப்பட்டுள்ளது."

மூக்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை கேட்கும் எதையும் பெற்றோர் முதலில் முழுமையாகக் கேட்டுப் பார்த்து, இது பிள்ளைக்கு ஏற்றதுதான் என்று உறுதி சொல்ல வேண்டுமாம். வேறு வழியில்லாமல் அன்று அவன் குகைக்குள் உட்கார்ந்து காரியின் குரலைக் கேட்டான்.

"கொழுந்து, ஓநாய் வந்தா கீழ ஓடாத. பாறை மேல ஏறு. தனக்கும் ஏறத் தெரியும்னு அது வெளிய சொல்லிக்கும். தெரியாது."

"யாருக்குத் தெரியாது?" என்று மூக்கையா செல்போனைப் பார்த்து உறுமினான். மறுப்பு என்ற பொத்தானை அழுத்தினான். மறுப்புக்கான காரணத்தை ஐம்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதுக என்று கேட்டது. அவனுக்குத் தெரிந்த சொற்களில் பாதி உறுமல். சம்மதம் என்றே அழுத்திவிட்டான்.

இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று மூக்கையா சேவை மையத்துக்கு ஓடினான்.

"அண்ணே, என்னை இந்தக் கட்டத்துலேர்ந்து எடுத்து விடுங்க."

வர்ணலிங்கம் நிதானமாகப் பார்த்தார். "பிள்ளைக்குப் பதினெட்டு வயசு முடியற வரைக்கும் வெளிய வர முடியாது, தம்பி."

"ஆடுண்ணே அது! பதினெட்டு வருசம் எந்த ஆடு உசுரோட இருந்திருக்கு?"

"அதைப் பாத்துக்கறதுதான் பெற்றோர் கடமைன்னு போட்டிருக்கு."

மூக்கையா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். குட்டிக்கு ஏதாவது ஆயிட்டா? யாராச்சும்... தப்பித் தவறிச் சாப்ட்டுட்டா?"

வர்ணலிங்கம் மெல்லச் சாம்பல் நிறமானார். "பிள்ளை ரொம்ப நேரம் அசையலைன்னா பெற்றோரோட கணக்கும் சேந்து பூட்டிக்கும். எல்லாமே. உங்க குரூப்பு, அட்மின் பதவி, எல்லாம்."

"பூட்டினா மறுபடி திறக்க?"

"பிள்ளை வந்து சம்மதம் குடுக்கணும்."

மூக்கையா கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். அவன் கணக்குப் பூட்டிக்கொண்டால் குரூப்பில் அடுத்த பெயராக இருந்த சீறன் என்ற இளவட்டம் தானாகவே அட்மின் ஆகிவிடும். சீறன் அதற்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். பதவி போன ஓநாய்க்கு எலும்புகூட மிஞ்சாது.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்ல வேண்டாமாண்ணே?"

"சொன்னோமே. நீங்க நக்கித் தள்ளிட்டுப் போனீங்களே, அதுலதான் இருந்துச்சு."

அன்று முதல் மூக்கையாவின் பிழைப்பு மாறியது. காலையில் எழுந்ததும் புள்ளி அசைகிறதா என்று பார்ப்பான். அசைந்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். மலைப்பாம்பு ஓடைப் பக்கம் வந்தால் வாலைக் கடித்து விரட்டினான். மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு அடிவாரத்தில் யாராவது தெரிந்தால் ஊளையிட்டே ஓட வைத்தான். வேட்டைக்கு நேரம் இல்லாததால் வயல் நண்டும் எலியும் தின்றான். சில நாள் ஈச்சம்பழம். ஈச்சம்பழம் தின்னும்போது யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்வான்.

செவலை தூரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. ஒரு நாள் மூக்கையா அவளிடமே வந்து, இடைவெளி விட்டு நின்று கேட்டான். "தாயி, புள்ள நேத்து சரியா மேயல. வயிறு ஊதின மாதிரி இருந்துச்சு. நனைஞ்ச புல்லு தின்னாளா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காரியண்ணன் சொல்லியிருக்காருல்ல" என்றான் மூக்கையா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஓநாய்களுக்கு இரை கிடைக்கவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சீறன்தான் முதலில் வாயைத் திறந்தான். "தலைவர் செல்போன்ல ஒரு ஆட்டுக்குட்டி எங்க இருக்குன்னு புள்ளி தெரியுதாம். நமக்கு அனுப்ப மாட்டேங்கறாரு. தனியாத் திங்கப் பாக்கறாரு."

மூக்கையா அவர்களைக் கிழக்குச் சரிவுக்கு அனுப்பிவிட்டு மேற்கே ஓடினான். புள்ளி அங்கே பாறைமேல் அசையாமல் நின்றது. போய்ப் பார்த்தால் கொழுந்து வழுக்குப் பாறையில் ஏறி, இறங்கத் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். மயிரெல்லாம் உடம்போடு ஒட்டி, இருமல் வேறு. செவலை கீழே நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

மூக்கையா பாறைமேல் ஏறப் பார்த்தான். வழுக்கி விழுந்தான். மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான். காரி சொன்னது உண்மைதான். கீழே சேற்றில் உட்கார்ந்து, மேலே நனையும் குட்டியைப் பார்த்து அழுதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை மனிதர்கள் கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் அன்று அங்கே இல்லை. பதவிக்காக அழுதானா, பிள்ளைக்காக அழுதானா என்று கேட்டிருந்தால் மூக்கையாவாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. மழையில் எந்தத் தண்ணீர் எதுவென்று யார் கண்டார்கள்?

அந்த அழுகையும் அவன் கழுத்துச் சங்கும்தான் கூட்டத்தை அங்கே கொண்டுவந்தன. ஓநாய்கள் புதருக்குப் புதர் தலைகாட்டின. சீறன் முன்னால் வந்தான்.

"தள்ளுங்க தலைவரே. நாங்க எறக்கறோம்."

மூக்கையா எழுந்து பாறைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றான். ஈச்சம்பழம் தின்று இளைத்த உடம்பு. அவன் கழுத்தில் சங்கு விடாமல் ஊதிக்கொண்டிருந்தது: உங்கள் பிள்ளைக்கு மிக அருகில் ஓநாய்கள்! ஓநாய்கள்! ஓநாய்கள்!

"என் புள்ள மேல எவனாவது பல்லு வச்சீங்க..." என்றான். சண்டை போட்டால் சீறன் ஒருவனே போதும் அவனைக் கிழிக்க. திடீரென்று நினைவு வந்தது. "குரூப்புலேர்ந்து தூக்கிருவேன்!"

கூட்டம் அப்படியே நின்றது. ஓநாய்களுக்குப் பசி புதிதல்ல. அடியும் கடியும் புதிதல்ல. ஆனால் குரூப்பில் இல்லாமல் ஒரு நாள் எப்படிப் போகும் என்று அவற்றால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வேட்டை எங்கே என்று எப்படித் தெரியும்? யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. சீறன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றான். மூக்கையா செல்போனில் அவன் பெயர்மேல் நகத்தை வைத்துக் காட்டினான். சீறனும் வாலைச் சுருட்டிக்கொண்டு போனான்.

செவலைக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எட்டி நின்று ஒரே ஒரு முறை "ம்மே" என்று கூப்பிட்டாள். கொழுந்து பின்பக்கமாக ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, குளம்பை ஊன்றி ஊன்றி, தானே இறங்கி வந்தாள். ஓநாயின் ஈர மயிருக்கும் அம்மாவின் ஈர மயிருக்கும் நடுவில் நின்று தும்மினாள்.

மழைக்காலம் முடிந்து சில நாள் கழித்து, செவலையையும் மூக்கையாவையும் சேவை மையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வர்ணலிங்கம் அன்று நல்ல இளம்பச்சை நிறத்தில் இருந்தார்.

"புது விதி வந்திருக்கும்மா. பெத்த தாய் நேர்ல வந்து கேட்டாலே போதும், சேத்துக்கலாம்னு. தாய் வந்துட்டா மத்த பெற்றோரை விடுவிச்சிரலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

மூக்கையாவின் வால் அவனை அறியாமல் ஆடியது. தலைவன் ஆன பிறகு அந்த வால் ஆடியதே இல்லை. "சொல்லு தாயி! சீக்கிரம் சொல்லு!" என்றான். ஆட்டிறைச்சி எப்படி இருக்கும் என்பதை அவன் மெல்ல நினைவுபடுத்திக்கொண்டிருந்தான்.

செவலை அசைபோடுவதை நிறுத்தினாள். வெளியே கொழுந்து ஒரு புற்றின்மேல் ஏறி ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். பக்கத்துச் சரிவில் ஒரு ஓநாய் அவளைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு வழியில் போனது.

"வேண்டாங்கய்யா" என்றாள் செவலை.

"தாயி!" என்று அலறினான் மூக்கையா.

வர்ணலிங்கத்தின் இரண்டு கண்களும் முதல் முறையாக ஒரே பக்கம் திரும்பின. "ஏம்மா? இதுக்குத்தானே அன்னைக்கு அப்படி அழுதீங்க?"

"அப்ப எனக்கு வெவரம் தெரியாதுங்க. நான் பெற்றோரா இருந்தா, ஒரு ஓநாய் வந்தாலும் என்னால தடுக்க முடியாது. இவரு பெற்றோரா இருந்தா, ஒரு ஓநாயும் வராது" என்றாள் செவலை. "நான் அம்மாவாவே இருந்துக்கறேன். பெற்றோரா இவரே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மணி குலுங்க வெளியே போய்விட்டாள்.

மூக்கையா தரையில் உட்கார்ந்தான். வர்ணலிங்கம் புளியமரத்தின் நிறத்துக்கு மாறி மறைந்துகொண்டார். அப்போது செல்போன் மணியடித்தது. உங்கள் பிள்ளை மேல்பாறைக்கு விளையாடப் போக அனுமதி கோருகிறது.

மூக்கையா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். சம்மதம் என்று அழுத்திவிட்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஓரத்துல நிக்காதடி!"

நீதி: பிள்ளையைப் பெறுவதற்கு ஒரு தாய் போதும். வளர்ப்பதற்கு, விதிமுறைகளைப் படிக்காமல் சம்மதம் அழுத்திய ஓர் ஓநாய் வேண்டும்.